இணையக் கடை விளம்பரத்தையும் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) படங்களையும் வெளியாளிடம் கொடுக்கும் முன்: தோட்டத்து வீட்டு வியாபாரிகளுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் டவுனைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் தாமான்களிலும் வீட்டிலிருந்தே வியாபாரம் செய்பவர்கள் நிறைய. சாம்பார்த்தூள், முறுக்கு, ஊறுகாய், ஆரி வேலை செய்த ரவிக்கை, கவரிங் நகை, பூஜைப் பொருள் என்று கைக்கு வந்த தொழிலைச் செய்கிறார்கள். முதலில் வாட்ஸ்அப் குழுவில் விற்பார்கள். அப்புறம் ஷாப்பியிலோ டிக்டாக் ஷாப்பிலோ ஒரு கடை திறப்பார்கள். கடை கொஞ்சம் ஓடத் தொடங்கியதும் ஒரு அழைப்பு வரும். "அக்கா, விளம்பரம், படம் எல்லாம் எங்க டீம் பார்த்துக்கும். ஏஐ-லயே படம் செஞ்சிடலாம், கேமராவே வேணாம். நீங்க பொருளை மட்டும் பேக் பண்ணுங்க."

இந்த அழைப்பைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. வெளியாளிடம் வேலை கொடுப்பது நல்ல விஷயம்தான். விடியற்காலையில் எழுந்து மாவு பிசைகிற ஒருவர் இரவு பதினொரு மணிக்கு விளம்பரக் கணக்கையும் பார்க்க வேண்டும் என்றால் உடம்பு தாங்காது. ஆனால் இரண்டை மட்டும் யாருக்கும் கொடுக்கக் கூடாது. ஒன்று, உங்கள் கணக்குகளின் உரிமை. மற்றொன்று, உங்கள் பொருள் உண்மையில் எப்படி இருக்கிறது என்பதைக் காட்டும் பொறுப்பு. இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு மற்ற வேலையை எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்பதைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: உங்கள் பொருள் விளம்பரச் செலவைத் தாங்குமா?

பதிவு செய்யாமல் வியாபாரம் செய்துகொண்டிருந்தால் முதலில் அதை முடியுங்கள். தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் நிறுவனங்கள் ஆணையமான எஸ்எஸ்எம்மில் பதிய வேண்டும் என்பது சட்டம். சொந்தப் பெயரில் பதிந்தால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வியாபாரப் பெயரில் என்றால் 60 ரிங்கிட். அதன் ஈஸிபிஸ் தளத்தில் வீட்டிலிருந்தே செய்யலாம். விளம்பரக் கணக்கு, வங்கிக் கணக்கு எல்லாவற்றுக்கும் இந்தப் பதிவு உதவும்.

அடுத்தது கணக்கு. ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்கு, 250 கிராம் சாம்பார்த்தூள் பாக்கெட்டை 12 ரிங்கிட்டுக்கு விற்கிறீர்கள் என்று வைப்போம். மிளகாய், மல்லி, பருப்பு, அரைவைக் கூலி, பாக்கெட் எல்லாம் சேர்ந்து 5 ரிங்கிட். தளம் பிடித்துக்கொள்ளும் கட்டணம் 1.50. கூரியர் பை, டேப் 50 சென். மிச்சம் 5 ரிங்கிட். ஆக, ஒரு ஆர்டரைக் கொண்டுவர விளம்பரத்துக்கு 5 ரிங்கிட் போனால் உங்கள் உழைப்புக்கு ஒன்றும் மிஞ்சாது.

விளம்பரக்காரர்கள் ரோவாஸ் என்று ஒரு எண் சொல்வார்கள். விளம்பரத்துக்குப் போட்ட ஒரு ரிங்கிட்டுக்கு எத்தனை ரிங்கிட் விற்பனை வந்தது என்பதுதான் அது. மேலே சொன்ன பாக்கெட்டுக்கு 12-ஐ 5-ஆல் வகுத்தால் 2.4. அதற்குக் கீழே போனால் நஷ்டம். "ரோவாஸ் 2 வந்திருக்கு அக்கா, நல்லா ஓடுது" என்று ஒருவர் சொன்னால் பாக்கெட்டுக்கு விளம்பரத்துக்கு மட்டும் 6 ரிங்கிட் போகிறது என்று அர்த்தம். அதன்மேல் 8 சதவீதச் சேவை வரி உண்டு. 2024 மார்ச் 1 முதல் 6-லிருந்து 8 ஆகிவிட்டது. மெட்டா (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் நிறுவனம்), கூகுள் பில்களில் தனியாக வரும். ஆக 6.48. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் உங்கள் கையிலிருந்து 1.48 போகிறது. விற்பனை கூடக் கூட நஷ்டமும் கூடும்.

சரி, என்ன செய்யலாம்? மூன்று பாக்கெட் சேர்த்து ஒரு செட்டாக 33 ரிங்கிட்டுக்குப் போடுங்கள். பொருளுக்கு 15, தளத்துக்குச் சுமார் 4, பெட்டிக்கு 1 போக 13 மிச்சம். ஒரு ஆர்டரைக் கொண்டுவரும் விளம்பரச் செலவு பாக்கெட் ஒன்றானாலும் மூன்றானாலும் ஏறக்குறைய அதேதான். இப்போது வரியோடு 8 ரிங்கிட் போனாலும் 5 நிற்கும். விலை குறைந்த ஒற்றைப் பொருளுக்குப் பணம் கட்டி விளம்பரம் செய்வதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். செட், கூடை, தீபாவளிப் பெட்டி, இப்படி ஒன்றாகக் கட்டிய பிறகு விளம்பரத்துக்குப் போங்கள்.

ஆள் கூலியையும் இதில் சேர்க்க வேண்டும். மாதம் 400 ரிங்கிட் கேட்கிறார் என்றால், செட்டுக்கு 5 ரிங்கிட் மிஞ்சும் கணக்கில், மாதம் 80 செட் விற்றால்தான் அவருடைய கூலி மட்டும் அடையும். இப்போது மாதம் 20 செட்தான் போகிறது என்றால் இன்னும் கொஞ்ச நாள் நீங்களே செய்யுங்கள். பல ஊர்களில் இருக்கும் நாடி மையங்களில், முன்பு பெடி என்று அழைக்கப்பட்டவை, இணைய வியாபாரப் பயிற்சி இலவசமாகக் கொடுக்கிறார்கள். உங்கள் பக்கத்தில் ஒன்று இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

இரண்டாம் படி: கணக்குகளை உங்கள் பெயரில் திறங்கள்

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. பெரும்பாலோர் அவசரத்தில் தாண்டிப் போவதும் இதைத்தான்.

விளம்பரம் செய்து தருபவர் தன்னுடைய விளம்பரக் கணக்கிலேயே உங்கள் விளம்பரத்தை ஓட்டலாம். உங்களுக்கு வேலை மிச்சம் போலத் தெரியும். ஆனால் எந்த விளம்பரம் ஓடியது, யார் வாங்கினார்கள், எந்த ஊரில் எடுபட்டது என்ற அறிவெல்லாம் அவருடைய கணக்கில் சேரும். அவரை விட்டு விலகும் நாளில் நீங்கள் வெறுங்கையோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதைவிட மோசம், உங்கள் ஃபேஸ்புக் பக்கத்தையே அவர் தன் பெயரில் திறந்து வைத்திருப்பது. பல வருடமாகச் சேர்த்த வாடிக்கையாளர்கள் அந்தப் பக்கத்தில்தான் இருப்பார்கள்.

தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற காலத்தில், 1960-இல், அப்போதைய மஇகா தலைவர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் சேர்த்துத் தங்கள் சங்கத்தின் பெயரிலேயே தோட்டம் வாங்கினார்கள். அவருடைய ஊரான சுங்கை சிப்புட்டில் வியாபாரம் செய்யும் நாம் நம்முடைய கடைக் கணக்கை இன்னொருவர் பெயரில் விட்டுவைக்கலாமா? எனக்கு இதில் சமரசமே கிடையாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். முதலில் வியாபாரத்துக்கென்று ஒரு தனி மின்னஞ்சல் திறங்கள். அதற்கு இரண்டடுக்குப் பாதுகாப்பைப் போடுங்கள். உள்நுழையும்போது கேட்கும் எண் உங்கள் கைப்பேசிக்கு மட்டுமே வர வேண்டும். அந்த ஓடிபி எண்ணை எவ்வளவு நெருங்கியவர் கேட்டாலும் படித்துச் சொல்லாதீர்கள்.

மெட்டாவில் உங்கள் பெயரில் ஒரு பிசினஸ் போர்ட்ஃபோலியோ திறந்து, பக்கத்தையும் விளம்பரக் கணக்கையும் அதற்குள் வையுங்கள். வெளியாளை பார்ட்னர் என்ற பகுதியில் அவருடைய பிசினஸ் ஐடி எண்ணைப் போட்டுச் சேர்க்கலாம். அவர் விளம்பரம் ஓட்டும் அளவுக்கு அனுமதி கொடுத்தால் போதும், முழுக் கட்டுப்பாடு வேண்டாம். கூகுளில் அவர் தன் மேனேஜர் கணக்கிலிருந்து உங்கள் 10 இலக்க விளம்பரக் கணக்கு எண்ணுக்கு இணைப்புக் கோரிக்கை அனுப்புவார். நீங்கள் ஏற்கலாம், வேண்டாத நாளில் நீக்கலாம். டிக்டாக்கில் பிசினஸ் சென்டர் வழியாக இதே மாதிரி செய்யலாம். ஷாப்பி, லஸாடா இரண்டிலும் துணைக் கணக்கு வசதி இருக்கிறது. கடவுச்சொல்லைக் கொடுக்காமலேயே வேலை செய்ய வைக்க எல்லாத் தளத்திலும் வழி உண்டு. "பாஸ்வர்ட் கொடுத்தாத்தான் செய்ய முடியும்" என்று சொல்பவருக்கு வேலை தெரியவில்லை, அல்லது அவர் எண்ணம் வேறு.

பணம் கட்டும் கார்டு விஷயத்திலும் கவனம். வீட்டுச் செலவுக் கணக்கோடு இணைந்த கார்டைப் போடாதீர்கள். தனியாக ஒரு கணக்கு, அதில் அந்த மாத விளம்பரப் பணம் மட்டும். மெட்டாவில் கணக்கு முழுவதற்கும் ஒரு செலவு வரம்பு வைக்கலாம். அதை எட்டியதும் விளம்பரம் தானே நின்றுவிடும். ஷாப்பியில் முன்கூட்டியே பணம் ஏற்றித்தான் விளம்பரம் ஓடும் என்பதால் ஏற்றும் அளவே வரம்பாகிவிடும். விளம்பரப் பணத்தை வெளியாளிடம் கொடுத்து, அவர் கட்டுவார் என்று விடாதீர்கள். கூலி அவருக்கு, விளம்பரப் பணம் நேராகத் தளத்துக்கு.

மூன்றாம் படி: ஏஐ-க்கு முன்னால் உண்மையான படம்

"கேமராவே வேணாம்" என்ற பேச்சை நம்பாதீர்கள். ஏஐ படத்தின் தரம் நீங்கள் கொடுக்கும் உண்மைப் படத்தின் தரத்தைப் பொறுத்தது. கொடுக்கும் படத்தில் தெளிவில்லை என்றால், இல்லாததை ஏஐ தானாக நிரப்பும். வம்பு அங்கேதான் தொடங்கும்.

காலை ஒன்பது, பத்து மணி வாக்கில், வெயில் நேராக விழாத முன் வராந்தாவில் ஒரு மேசையைப் போடுங்கள். மத்தியான வெயிலில் நிழல் கறுத்து விழும். வீட்டுக்குள் குழல் விளக்கில் எடுத்தால் மஞ்சளும் சிவப்பும் மாறிவிடும், மசாலாவுக்கும் புடவைக்கும் அது ஆகாது. ஒரு வெள்ளை மணிலா அட்டையை அடியில் வளைத்து வையுங்கள், இன்னொன்றை நிழல் விழும் பக்கம் நிறுத்துங்கள். லென்சை ஒரு முறை துணியால் துடையுங்கள். எண்ணெய்க் கை பட்ட கைப்பேசியில் எடுக்கும் படம் எப்போதும் மங்கல்தான். மிக அருகில் போகாமல் கொஞ்சம் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூமில் எடுத்தால் டப்பாவின் உருவம் கோணாது.

ஒவ்வொரு பொருளுக்கும் முன்பக்கம், பின்பக்க லேபிள், கிட்டத்தில் ஒரு விவரம், கையில் பிடித்தபடி ஒன்று, கூரியர் பெட்டிக்குள் இருப்பது போல ஒன்று. கையில் பிடித்த படத்தை மறக்காதீர்கள். வாங்குபவருக்கு அளவு தெரிவது அதில்தான். இந்த மூலப் படங்களைத் தனி ஃபோல்டரில் அழியாமல் வையுங்கள். நாளைக்கு யாராவது "படத்தில் இருந்த மாதிரி இல்லை" என்று புகார் செய்தால் உங்களிடம் இருக்கும் சாட்சி இவைதான்.

நான்காம் படி: ஏஐ எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது

பின்னணியை நீக்கி வெள்ளையாக்குவது, தூசியை அழிப்பது, வெளிச்சத்தைச் சரிசெய்வது, இவற்றை ஃபோட்டோரூம், கேன்வா போன்ற கருவிகள் நொடியில் செய்யும். தயங்காமல் பயன்படுத்துங்கள். அடுத்தது, உண்மையான டப்பாவை அப்படியே வைத்துக்கொண்டு சுற்றிலும் ஒரு சமையலறையையோ வாழை இலையையோ ஏஐ வரைவது. இதுவும் சரி, ஆனால் ஒவ்வொரு படத்தையும் உற்றுப் பார்க்க வேண்டும். மூன்றாவது, பொருளையே அல்லது பொருளை அணிந்த பெண்ணையே ஏஐ உருவாக்குவது. புடவை, நகை, ரவிக்கை விற்பவர்களிடம் இதைத்தான் அதிகம் விற்கப் பார்க்கிறார்கள். என் கருத்தில், விற்பனைப் பக்கத்தில் இருக்கும் முதன்மைப் படத்துக்கு இது கூடவே கூடாது.

காரணம் இதுதான். ஏஐ உங்கள் புடவையின் படத்தை வெட்டி ஒட்டுவதில்லை. படத்தைப் பார்த்து, இப்படித்தான் இருக்கும் என்று புதிதாக ஒன்றை வரைகிறது. அதனால் கரையில் இருந்த மாங்காய் பூவாக மாறும். ஒற்றைச் சரம் இரட்டையாகும். ஆரி வேலையில் நீங்கள் கையால் வைத்த முத்துக்கள் இடம் மாறும். அரக்குச் சிவப்பு குங்குமச் சிவப்பாகும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் பார்சலைப் பிரிக்கும் பெண் கையில் வேறு புடவை இருக்கும். அவர் பணத்தைத் திரும்பக் கேட்பார், ஒரு நட்சத்திரம் போடுவார். கேட்பது நியாயம்தானே? பொருளைப் பற்றி ஏமாற்றும் விதமாகக் காட்டுவதை 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும் 2011-ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டமும் தடுக்கின்றன. "படத்தை ஏஜென்சிதான் செய்தது" என்று சொல்லித் தப்ப முடியாது. விற்பவர் நீங்கள்.

ஒவ்வொரு ஏஐ படத்தையும் மூலப் படத்தோடு பக்கத்தில் வைத்து, பெரிதாக்கிப் பாருங்கள். முறுக்கு என்றால் சுற்றும் தடிமனும் அதேதானா? தட்டில் பத்து இருந்ததை முப்பது ஆக்கியிருக்கிறதா? அளவைக் கூட்டிக் காட்டுவதும் ஏமாற்றுதான். லேபிளில் உள்ள எடை, காலாவதித் தேதி, உங்கள் பெயர் ஒழுங்காக இருக்கிறதா? தமிழ் எழுத்துகளை ஏஐ அடிக்கடி குழப்பும். கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், படிக்கவே வராத ஒரு வடிவம். நம் வாடிக்கையாளர்கள் தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள், பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடிப்பார்கள். அதனால் படத்துக்குள் எழுத்தை ஏஐ எழுத வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். படம் முடிந்த பிறகு கேன்வாவில் தமிழ் எழுத்துருவில் தனியாகச் சேர்க்கலாம்.

உணவு விற்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஏஐ தானாகவே டப்பாவில் ஒரு ஹலால் முத்திரையைப் போல வரைந்துவிடும். அது பார்த்துப் பழகிய உணவு டப்பாக்களில் அந்த முத்திரை இருந்ததால். இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமோ மாநில இஸ்லாமிய மன்றமோ சான்று தராத பொருளில் அந்த முத்திரை இருப்பது குற்றம். மூலையில் சின்னதாக இருந்தாலும் அந்தப் படத்தை அழித்துவிடுங்கள். மூலிகை எண்ணெய், மூட்டு வலித் தைலம் விற்பவர்களுக்கு இதைவிடக் கண்டிப்பு. பாரம்பரிய மருந்துக்கு எம்ஏஎல் என்று தொடங்கும் பதிவு எண் வேண்டும், மருந்து விளம்பரத்துக்கு மருந்து விளம்பர வாரியத்தின் ஒப்புதல் வேண்டும். நீரிழிவு, இரத்த அழுத்தம், சிறுநீரகம், புற்றுநோய் போன்ற நோய்களைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1956-ஆம் ஆண்டு மருந்து விளம்பர, விற்பனைச் சட்டம் தடை செய்கிறது. ஏஐ எழுதித் தரும் விளம்பர வாசகங்களில் "சர்க்கரையைக் கட்டுப்படுத்தும்" என்பது மாதிரி வரிகள் தாராளமாக வரும். ஒரு வரியும் படிக்காமல் வெளியே போகக் கூடாது.

முகம் பற்றியும் சொல்ல வேண்டும். நடிகையின் முகச் சாயலில் மாடல் செய்து தரச் சொல்லாதீர்கள். வாடிக்கையாளர் அனுப்பிய குடும்பப் படத்தை அவர் அனுமதி இல்லாமல் ஏஐ கருவியில் ஏற்றாதீர்கள், குழந்தைகள் இருந்தால் நிச்சயமாகக் கூடாது. மாடல் வேண்டும் என்றால் பக்கத்து வீட்டு அக்காவுக்கு உங்கள் புடவையைக் கட்டி, கோவில் வாசலில் நிற்க வைத்து எடுங்கள். ஏஐ வரையும் தமிழ்ப் பெண் எந்த ஊர்க்காரி என்றே தெரியாது. நம்மவர்களுக்கு நம் ஊர் முகத்தைப் பார்த்தால் நம்பிக்கை வரும்.

ஏஐ பயன்படுத்தியதைச் சொல்ல வேண்டிய இடங்களும் உண்டு. உண்மை போலத் தோன்றும் ஏஐ படம், வீடியோவுக்கு டிக்டாக் அடையாளம் போடச் சொல்கிறது; பதிவேற்றும்போதே அந்தப் பொத்தான் இருக்கும். கூகுளின் மெர்ச்சன்ட் சென்டர், ஏஐ உருவாக்கிய படக் கோப்புக்குள்ளேயே அதைச் சொல்லும் குறிப்பு இருக்க வேண்டும் என்கிறது. வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் இந்த உள்குறிப்பும் அழிந்துபோகும், படத்தின் தரமும் குறையும். அதனால் படங்களை கூகுள் டிரைவ் வழியாகவே வாங்குங்கள். மெட்டாவில் வேறு ஒரு சிக்கல். அட்வான்டேஜ் பிளஸ் என்ற வசதி இயங்கிக்கொண்டிருந்தால் உங்கள் படத்தின் ஓரத்தை நீட்டுவது, பின்னணியை மாற்றுவது போன்றவற்றை மெட்டாவே செய்யும். நீங்கள் பார்த்து ஒப்புக்கொண்ட படம் வேறு, மக்கள் பார்க்கும் படம் வேறு என்றாகிவிடும். பொருளின் தோற்றத்தை மாற்றும் எல்லாவற்றையும் அணைத்து வைக்கச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: ஆளைத் தேர்ந்தெடுப்பது

ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ இருக்கும் சிறு நிறுவனம், கல்லூரி முடித்த உள்ளூர்ப் பிள்ளை, சென்னையிலிருந்து வேலை செய்யும் தனியாள், மூவரில் யாராகவும் இருக்கலாம். ஒருவரிடம் விளம்பரம், இன்னொருவரிடம் படம் என்று பிரித்துக் கொடுப்பது எனக்குப் பிடித்த முறை. விளம்பரம் நன்றாகச் செய்பவருக்குப் படம் வர வேண்டும் என்று கட்டாயமில்லை. உள்ளூர்ப் பிள்ளை கிடைத்தால் படத்துக்கு அவரையே எடுங்கள். பொருளைக் கையில் தொட்டுப் பார்த்தவர் செய்யும் படத்தில் தப்பு குறையும்.

முன்பு செய்த வேலையை ஸ்கிரீன்ஷாட்டில் காட்டினால் போதாது. வீடியோ அழைப்பில் வந்து, விளம்பரக் கணக்கை நேரடியாகத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பழைய வாடிக்கையாளரின் பெயரை மறைத்துக் காட்டட்டும். மெட்டாவின் விளம்பர நூலகத்தில் எந்தப் பக்கத்தின் பெயரைப் போட்டாலும் அது இப்போது ஓட்டும் விளம்பரங்களை யாரும் பார்க்கலாம், காசு கிடையாது. "இந்தக் கடைக்கு நாங்கதான் செய்றோம்" என்று அவர் சொன்னால் அங்கே போய்ப் பாருங்கள். எழுத்துப்பிழை இருக்கிறதா, தமிழ் நம் தமிழ் மாதிரி இருக்கிறதா, படங்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கின்றனவா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

கூலி மூன்று விதமாக இருக்கும்: மாதச் சம்பளம், விளம்பரச் செலவில் இத்தனை சதவீதம், படத்துக்கு இவ்வளவு. செலவில் சதவீதம் என்பது சிறு வியாபாரிக்கு ஒத்துவராது. நீங்கள் அதிகம் செலவழித்தால்தான் அவருக்கு வருமானம் என்ற நிலையில், செலவைக் குறைக்கச் சொல்லி அவர் ஏன் ஆலோசனை தருவார்?

"ரோவாஸ் 10 உத்தரவாதம்" என்று சொல்பவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். பொய் ஆர்டர் போட்டு, பொய் விமர்சனம் எழுதி கடையை மேலே ஏற்றித் தருகிறேன் என்பவரிடமும் அப்படியே. தளம் கண்டுபிடித்தால் முடங்குவது உங்கள் கடை. முன்பணம் கட்டும் முன் அவருடைய வங்கிக் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போலீசின் செமாக் மியூல் தளத்தில் போட்டு, அவற்றின் மேல் மோசடிப் புகார் இருக்கிறதா என்று பாருங்கள். பணத்தை ஏமாந்துவிட்டீர்கள் என்று தெரிந்தால் கொஞ்சமும் தாமதிக்காமல் மோசடிப் புகார்களுக்கான 997 எண்ணுக்கு அழையுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு நாள் தள்ளினால் பணம் கை மாறிப் போய்விடும்.

ஆறாம் படி: எழுதி வாங்குங்கள்

வக்கீல் தேவையில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பி, அவர் "சம்மதம்" என்று பதில் போட்டாலே ஒரு பிடி கிடைக்கும். இப்படி எழுதலாம்:

"தம்பி, நாம் பேசியதை எழுதி வைக்கிறேன். மாதம் 12 படம், 4 விளம்பரம். படத்துக்கு முன் என் மூலப் படத்தைப் பார்த்துதான் செய்ய வேண்டும், பொருளின் நிறமும் வடிவமும் மாறக் கூடாது. நான் ஒப்புக்கொண்ட பிறகுதான் எதுவும் வெளியே போக வேண்டும். எந்தப் படத்தில் ஏஐ பயன்படுத்தினீர்கள் என்று குறித்துக் கொடுங்கள். எல்லாப் படமும் முழு அளவில், திருத்தக்கூடிய கோப்போடு எனக்குச் சொந்தம். வேறு கடைக்குப் பயன்படுத்தக் கூடாது. என் வாடிக்கையாளர்களின் பெயர், எண்களை வேறு எங்கும் ஏற்றக் கூடாது. சம்பளம் மாதக் கடைசியில். பிடிக்கவில்லை என்றால் இருவரில் யாரும் 14 நாள் முன்னறிவிப்போடு நிறுத்தலாம்."

நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, கேட்டுச் செய்வித்த படைப்பின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, செய்யச் சொன்னவருக்குப் போகும். இருந்தாலும் எழுதி வைப்பது நல்லது; ஆள் வெளிநாட்டில் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள். வாடிக்கையாளர் எண்களைப் பற்றிய வரியை விட்டுவிடாதீர்கள். தங்கள் முகவரியை உங்களை நம்பித்தான் கொடுத்தார்கள். 2010-ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதைக் காக்கச் சொல்கிறது.

ஏழாம் படி: ஓடத் தொடங்கியதும் என்ன பார்ப்பது

முதல் சில நாள் எண்களைப் பார்த்துப் பதறாதீர்கள். மெட்டாவின் விளம்பர இயந்திரம் கற்றுக்கொள்ள வாரத்துக்கு ஏறக்குறைய 50 பலன்கள் தேவை. ஒரு நாளைக்கு 10, 15 ரிங்கிட் போடும் நாம் வாரத்தில் 50 விற்பனை காண்பது கடினம். அதனால் தொடக்கத்தில் விற்பனையை இலக்காக வைக்காமல், வாட்ஸ்அப்பில் வந்து பேசுவதை இலக்காக வைக்கச் சொல்லுங்கள். பேச்சு வந்தால் விற்கும் திறமை நம்மிடம் இருக்கிறது. தோட்டத்து வியாபாரத்தில் அதுதான் நம் பலம். ஒரே நேரத்தில் ஐந்தாறு விளம்பரமாகப் பணத்தைச் சிதறடிக்கவும் வேண்டாம், ஒன்றோ இரண்டோ போதும்.

வாரத்துக்கு ஒரு நாள் உட்கார்ந்து உங்கள் சொந்த நோட்டில் எழுதுங்கள்: எவ்வளவு செலவு, எத்தனை ஆர்டர், வங்கியில் எவ்வளவு வந்தது, எத்தனை திரும்பி வந்தது. ஒரே ஆர்டரை மெட்டாவும் தன்னால் வந்தது என்னும், கூகுளும் தன்னால் வந்தது என்னும். இரண்டு அறிக்கையையும் கூட்டினால் விற்காத பொருளும் விற்றதாகிவிடும். வங்கிக் கணக்கை நம்புங்கள். புதிதாக வாட்ஸ்அப்பில் வருபவரிடம் "எங்கே பார்த்தீங்க?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டால் அது எந்த அறிக்கையையும் விடப் பயன்படும்.

தீபாவளி வியாபாரம் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பண்டிகை அக்டோபரிலோ நவம்பரிலோ வருவதால் இணையத் தளங்கள் அக்டோபர் 10, நவம்பர் 11 தேதிகளில் நடத்தும் 10.10, 11.11 விற்பனைகளோடு மோதும். பெரிய கடைகள் எல்லாம் அந்த நாட்களில் பணத்தைக் கொட்டுவதால் விளம்பர விலை ஏறும், கூரியரும் தாமதமாகும். படங்களை ஆகஸ்டிலேயே முடித்துவிடுங்கள். செப்டம்பரில் சிறிய தொகையில் இரண்டு, மூன்று படங்களை ஓட்டிப் பார்த்து எது எடுபடுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெரிய விற்பனை நாட்களில் விளம்பரத்தைக் குறைத்துவிட்டு, பழைய வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புவது லாபம். திரும்பி வந்த பொருள்களில் "படத்தில் உள்ளது போல் இல்லை" என்ற காரணம் இரண்டாவது முறை வந்தால் அந்தப் படத்தை அன்றே இறக்குங்கள்.

எட்டாம் படி: விலகும் நாள்

வேலை பிடிக்காமல் போகலாம், அவருக்கு வேறு வேலை கிடைக்கலாம், நீங்களே கற்றுக்கொண்டு செய்யத் தொடங்கலாம். சண்டை இல்லாமல் முடிய, முதலில் படக் கோப்புகள் எல்லாம் டிரைவில் வந்துவிட்டனவா என்று பாருங்கள். பாக்கிக் கூலியைக் கொடுத்துவிடுங்கள். அப்புறம் மெட்டாவில் பார்ட்னர் பகுதி, கூகுளில் மேனேஜர் இணைப்பு, டிக்டாக் பிசினஸ் சென்டர், ஷாப்பி, லஸாடா துணைக் கணக்கு, ஒவ்வொன்றாக அவரை நீக்குங்கள். கேன்வா, டிரைவ் பகிர்வையும் எடுங்கள். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற இடத்தைத் திறந்து, தெரியாத கணினி ஏதும் இருந்தால் வெளியேற்றுங்கள். பலர் மறப்பது இதைத்தான். மின்னஞ்சல் கடவுச்சொல்லை மாற்றுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரங்களை நிறுத்திவிட்டு, அடுத்த மாத பில் வரும்வரை அந்தக் கார்டுக் கணக்கை மூடாமல் வைத்திருங்கள். நிறுத்துவதற்கு முந்தைய நாட்களின் செலவு சில சமயம் அப்போதுதான் கழிக்கப்படும்.